மலைச்சாலையை நேராக்காதீர்கள்

பஸ் ஓட்டிப் பிழைத்தவன் ஒருவன் சாலையை அகலப்படுத்தாதீர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாகர்கோவில் வடசேரியில் நாங்கள் நாலைந்து பேர் சாயங்காலம் கூடுகிற சாயாக்கடையில் இதைச் சொன்னபோது, "உமக்கு பென்ஷன் வந்தாச்சு, இனி ரோடு எப்பிடிக் கெடந்தா உமக்கென்ன வேய்" என்றார் ஒரு நண்பர். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் எழுதிய வண்டிகளில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பெயர் அழிந்து வேறு பெயர் வந்த பிறகும் அதே மலையடிவார ரூட்டுகளில் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். குண்டுகுழியின் அருமை என் இடுப்புக்குத் தெரியும். பள்ளத்தை மூட வேண்டும், மழைநீர் வடிய ஓடை வேண்டும், வளைவுகளில் தடுப்பு வேண்டும். இதெல்லாம் பராமரிப்பு. பூதப்பாண்டியிலிருந்து கீரிப்பாறைக்கும், தடிக்காரன்கோணத்திலிருந்து சுருளோடு வழியாகக் குலசேகரத்துக்கும் வளைந்து வளைந்து போகிற சாலைகளைச் 'சுற்றுலாவை வளர்க்க' அகலமாக்கி நேராக்க வேண்டும் என்பது வேறு சங்கதி. அந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கன்னியாகுமரி முனைக்குப் போகிறார்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள், படகில் ஏறுகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாய் செலவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். நல்லது, நானும் பேரப்பிள்ளைகளோடு நடந்து பார்த்தேன், கீழே கடல் தெரிகிறது. எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நின்று வடக்கே திரும்பிப் பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை தன் நீளத்தையெல்லாம் முடித்துக்கொண்டு இறங்குகிற கடைசிப் படிகள் நீலமாகத் தெரியும். அதைப் பார்க்கத் திரும்பியவர் யாரையும் நான் காணவில்லை. எல்லோர் முதுகும் மலைக்குத்தான்.

அந்த மலையின் காலடியைச் சுற்றிப் போகிற சாலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆரல்வாய்மொழியில் தொடங்குங்கள். மலைக்கு நடுவே வாசல் திறந்தாற்போல் ஓர் இடைவெளி. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று முழுவதும் அந்த வாசலுக்குள் நெருக்கிப் புகுந்து அந்தப் பக்கம் பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல முளைத்ததற்கு அதுதான் காரணம். நாங்கள் காலி வண்டியை அங்கே ஓட்டும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்போம். பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். அங்கே மண் செம்மண், மரம் பனை, வெயில் திருநெல்வேலி வெயில். தோவாளைக்கு வந்தால் பூச்சந்தை. விடியலுக்கு முன்னாலேயே பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். செண்பகராமன்புதூர் தாண்டினால் வயல். பூதப்பாண்டி வந்தால் வாழையும் தென்னையும். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் அது. அழகியபாண்டியபுரம் பக்கம் வரும்போது வலப்புறம் தாடகை மலை தெரியும். ராமன் அம்பு பட்டு விழுந்த அரக்கி மல்லாந்து கிடப்பதாகச் சொல்வார்கள். நெற்றி, மூக்கு, மார்பு என்று சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டித்தான் எங்கள் ஊரில் சோறு ஊட்டுவது. தடிக்காரன்கோணம் தாண்டினால் ரப்பர். அதற்கு மேலே காடு.

பனையிலிருந்து காடு வரை காரில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். அதற்குள் மழையே மாறிவிடுகிறது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மேற்கே விளவங்கோடு பக்கம் கொட்டுகிற மழை கிழக்கே அகஸ்தீஸ்வரத்துக்கு வந்து சேரும்போது தூறலாகிவிடும். குலசேகரத்தில் வைப்பர் போட்டு ஓட்டிவந்த வண்டியை ஆரல்வாய்மொழியில் தூசியோடு நிறுத்தியிருக்கிறேன். ஒரே நாளில், ஒரே டிரிப்பில். இவ்வளவு சின்ன மாவட்டத்துக்குள் இத்தனை நாடு இருக்கிறது. இதைப் பார்க்க வேண்டுமானால் முப்பதில் போக வேண்டும். அறுபதில் போனால் எல்லாம் பச்சை என்றுதான் தெரியும்.

வளைவு ஒரு வேலை செய்கிறது. வண்டியை இரண்டாவது கியருக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது கியரில் போகிறவனுக்குத்தான் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டை கண்ணில் படும். பட்டையில் சாய்வாகக் கீறிய வெட்டு, அதிலிருந்து சொட்டுகிற பால், மழைக்காலமானால் அதன் மேல் பாவாடை மாதிரி கட்டிவிட்ட பிளாஸ்டிக் தாள். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில்தான் விளைகிறது. கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் தொழிற்கூடமும் இருக்கின்றன. பால் வெட்டுகிறவர்கள் இருட்டில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். எனக்கு அந்தப் பக்கம் ஸ்டே வண்டி இருந்த காலத்தில் ராத்திரி கடைசி டிரிப் முடித்து ஊரில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளேயே படுப்போம், கண்டக்டர் பின் சீட்டில், நான் முன்னால். மூன்று மூன்றரைக்குக் கண் விழித்தால் மலைச்சரிவில் சின்னச் சின்ன விளக்குகள் மரம் விட்டு மரம் நகரும். முதலில் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. ராத்திரியில் நடமாடும் இசக்கியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன்.

ஜனவரி கடைசியில் அந்த வழி போனால் ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து மரங்கள் எலும்பாக நிற்கும். ஊருக்குப் புதியவர்கள் மரம் பட்டுப்போச்சா என்று கேட்பார்கள். இரண்டு வாரத்தில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அதன் பிறகுதான் தேன்காலம். ரப்பர்த் தேன் பூவில் எடுப்பதென்று பலரும் நினைக்கிறார்கள். அது இளம் இலையின் காம்பில் சுரப்பது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தத் தோட்டங்களுக்கு வருவதும் அப்போதுதான். மலைச்சாலையோரம் வரிசையாகப் பெட்டிகள் இருந்தால் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் போங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தச் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இப்போது நிற்கிற மரங்களில் எவை பழசு, எவை புயலுக்குப் பின் நட்டவை என்று பருமனை வைத்தே தெரியும். மரத்துக்குப் பால் வர ஆறேழு வருஷம் வேண்டும். சாலையை அகலப்படுத்த ஓரத்து மரங்களைக் கணக்கெடுக்கும் அதிகாரி அந்த வருஷங்களைக் கணக்கில் எழுதுவதில்லை.

இனி நடை. எனக்கும் வீட்டுக்காரிக்கும் முட்டு வலி. சிகரம் ஏறுகிற வயது இல்லை, அந்த ஆசையும் இல்லை. காரை நிழலில் போட்டுவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் நடந்து, உட்கார்ந்து, கட்டஞ்சாயாவைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு இறங்க வேண்டும். இந்த அளவுக்கு நம் மாவட்டத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. தோவாளையில் செக்கர்கிரி முருகன் கோயில் படிக்கட்டு ஏறினாலே கீழே வயலும் குளமும் விரிந்துவிடும். பொற்றையடியில் மருந்துவாழ் மலை இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் ஒரு துண்டு விழுந்ததென்பது கதை. ஸ்ரீ நாராயண குரு அங்கே பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தது வரலாறு. 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நாட்டி, கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று காட்டியவர், அதற்கு முன் உட்கார்ந்த இடம் இந்தப் பாறை. வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். பாதி ஏறினாலே கடல் தெரியும். மீதிப் பாதி செங்குத்து, முட்டு வலிக்காரர்கள் பாதியோடு திருப்தியடையலாம். நாங்கள் அடைந்தோம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். கீழே வண்டியை விட்டுவிட்டால் கல் பாவிய பாதை, இருபுறமும் கொல்லா மரங்கள். மாசி பங்குனியில் கொல்லாம்பழம் விழுந்து நசுங்கி அந்தப் பாதை முழுக்கப் புளித்த வாசம் அடிக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாசம் தெரியும், சட்டையில் கறை பட்டால் போகாது என்பதும் தெரியும். மெதுவாக ஏறுகிற சரிவு. நடுநடுவே உட்காரப் பாறைகள். ஓரிடத்தில் இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஆள் நுழைகிற சந்து. அதைக் கடந்தால் திடீரென்று மலை முகட்டின் மேல் நிற்கிறோம், பாறையின் மேனியில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்திருக்கிறது. ஒரு பெண் தெய்வம், பக்கத்தில் சிங்கம், பிள்ளைகள். அம்பிகை என்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு. திருச்சாரணத்து மலை என்று பழைய பெயர். பிற்காலத்தில் பகவதி கோயிலாகிவிட்டது. இரண்டையும் நம் ஆட்கள் ஒரே கும்பிடில் முடித்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரி அங்கே சுனையோரம் உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து பார்த்தால் மேற்கே தென்னந்தலைகள் கடல் வரை, வடகிழக்கே மலை. பின்னால் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று மூச்சிரைக்க ஏறி, பாறையில் நின்று படம் எடுத்து, அடுத்து மாத்தூர், அடுத்து திற்பரப்பு, அதற்கடுத்து பேச்சிப்பாறை என்று கணக்குச் சொல்லிக்கொண்டே இறங்கிப்போனது. "என்னத்துக்கு இப்பிடி ஓடுகானுவ? சிவாலய ஓட்டமா?" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. சிவராத்திரிக்கு நம் மாவட்டத்தில் திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் காவி வேட்டி கட்டி, கையில் விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். அது நேர்த்திக்கடன்; வருஷத்தில் ஒருநாள். அதே மாவட்டத்தில் நவராத்திரிக்கு வேளிமலை முருகனும், பத்மநாபபுரம் சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். நான் வண்டியில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற தூரம். அவர்கள் யானை மேலும் பல்லக்கிலும் ராத்தங்கி ராத்தங்கி மூன்றாம் நாள்தான் போய்ச் சேருவார்கள். ஊருக்கு ஊர் நின்று மரியாதை வாங்கிக்கொள்வார்கள். பின்னால் எத்தனை பஸ் நின்றாலும் அவர்களுக்கு அவசரம் கிடையாது. நானும் களியக்காவிளைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றவன்தான். டைம் கீப்பரிடம் பதில் சொல்ல அதைவிட நல்ல காரணம் கிடைத்ததில்லை.

அந்த இளைஞர்கள் சொன்ன பட்டியலில் தப்பில்லை, வரிசைதான் ஒரே நாளுக்கு அதிகம். மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். பரளியாற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போகிறது என்றே சொல்லலாம்; ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் பாசனத் தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது, பக்கத்தில் நாம் நடக்கிறோம். பெரும்பாலோர் மேலே நடந்து திரும்பிவிடுகிறார்கள். படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும். திற்பரப்பில் குளிப்பவர்களில் எத்தனை பேர், பக்கத்தில் திருநந்திக்கரையில் ராஜராஜன் கல்வெட்டோடு ஒரு குடைவரைக் கோயில் இருப்பதைப் பார்க்கிறார்கள்? பேச்சிப்பாறை அணையை 1897இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள், மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரை ஊர் திரும்பவில்லை; அவர் கல்லறை அணையருகே இருக்கிறது. கோதையாற்றுத் தண்ணீரைக் குடித்துப் பயிர் செய்கிறவர்கள் ஒருமுறை அங்கே நின்றுவிட்டு வரலாம். இந்த மூன்று இடத்துக்கும் தனித்தனியாக ஒரு நாள் ஒதுக்கினாலும் எந்த நாளும் வீணாகாது.

காளிகேசத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீரிப்பாறைக்கு மேலே வனத்துறைச் சோதனைச்சாவடி, அதைத் தாண்டிக் காளி கோயில், உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தெளிந்த ஆறு. அருமையான நடை. ஆனால் அந்த ஆறு செங்குத்து மலையிலிருந்து வருவது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அந்த நிமிஷமே கரையேற வேண்டும். வனத்துறை அடைத்துவைத்தால் அடைத்ததுதான். "நாங்க தூரத்திலேருந்து வாறோம் சார்" என்று காவலரிடம் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆற்றுக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பது தெரியாது.

சரி, இதற்கெல்லாம் மேலே? அதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. நம் மலையின் மேல்தட்டு நமக்குரியதில்லை. கீழ்க் கோதையாறு மின்நிலையத்திலிருந்து மேல் கோதையாறுக்கு மின்வாரிய ஊழியர்களுக்காக விஞ்ச் இருக்கிறது. பொதுஜனம் போக வேண்டுமானால் வடக்கே சுற்றி மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக அடுத்த மாவட்டத்துக்குள் புகுந்து, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். நேராக ஒரு சாலை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது எங்கே? மேல் கோதையாறு காட்டில். மனிதர் நடமாட்டம் குறைந்த இடம் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. அங்கே நமக்குச் சாலை வேண்டுமாம், கார் நிறுத்துமிடம் வேண்டுமாம். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் காணிக்காரர்களின் குடியிருப்புகள். படகில் போய் வருகிறவர்கள். அவர்கள் வீட்டை வேடிக்கை பார்க்கப் போவதையும் சிலர் சுற்றுலா என்கிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணைக்கு முன் யாரோ வந்து நின்று படம் எடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முறையான வழி வந்துவிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு விதிகள் வந்தன; 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தது. நம் மாவட்டமும் அதில் உண்டு. வழிகாட்டிகளாக மலைவாழ் மக்களும் அடிவார ஊர்க்காரர்களும் வருகிறார்கள். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பு கேட்கிறது, எனக்கும் அப்படித்தான் படுகிறது. உள்ளூர்க்காரனுக்குச் சலுகை கொடுக்கலாம். மற்றபடி நல்ல ஏற்பாடு.

என் கவலை அந்தத் தடங்களுக்கு வெளியே, அடிவாரச் சாலையில் போகிற ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பற்றியது. கார்களை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊட்டியும் கொடைக்கானலும் சாட்சி. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர்க் கார்கள் அங்கே போக முடியாது. உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சாலை அகலமாக ஆக வண்டி பெருகும், வண்டி பெருக மறுபடி சாலை போதாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தச் சாலைகளில் குடும்பத்தோடு போகப் பயமாக இருப்பது வளைவால் என்கிறார்கள். வளைவுக்கு நான் பயந்ததில்லை. டாரஸ் லாரிக்குப் பயந்திருக்கிறேன். குவாரியில் உடைத்த கல்லையும் எம்-சாண்டையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் லாரிகள் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமச் சாலைகளையெல்லாம் தேய்த்துப் போடுகின்றன. மாவட்டத்தில் இதற்காக நடக்காத போராட்டமில்லை. நேரக் கட்டுப்பாடு போடுகிறார்கள், கொஞ்சநாள் இருக்கும், பிறகு பழைய குருடி. அந்த லாரி நெருக்கடியைக் காட்டித்தான் அகலமான சாலை கேட்கிறார்கள். அகலமாக்க ஜல்லி வேண்டும். ஜல்லிக்கு மலையை உடைக்க வேண்டும். பார்க்கப் போகிற மலையை உடைத்து அதைப் பார்க்கப் போகச் சாலை போடுவதை என் புத்தி ஏற்கவில்லை.

என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் நிறத்தில் போஸ்ட் பஸ் ஓடுகிறது, ஒருகாலத்தில் தபால் மூட்டையோடு ஆட்களையும் ஏற்றத் தொடங்கியது. மலை வளைவுகளில் மூன்று சுரத்தில் ஹாரன் ஊதும். வளைவு நிமிராது, வண்டி ஊதிவிட்டுப் போகும். அந்த பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து நடைபாதை தொடங்கும். மஞ்சள் பலகையில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை மணி நேர நடை என்பதை எழுதியிருப்பார்கள். நாடு முழுக்க 65,000 கிலோமீட்டருக்கு அப்படிப் பாதை. தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பணக்கார தேசம், அவர்களால் முடியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் பணம் எங்கே இருக்கிறது? பஸ் நம்மிடம் இருக்கிறது. சாலை இருக்கிறது. பாதையும் இருக்கிறது. பலகைதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் வழி கீரிப்பாறைக்கும், மார்த்தாண்டத்திலிருந்து சிதறால், மாத்தூர், திற்பரப்பு, பேச்சிப்பாறைக்கும் காலை ஆறு மணி முதல் சீராக வண்டி விடட்டும். சின்ன வண்டி போதும். எந்த நிறுத்தத்தில் இறங்கினால் என்ன பார்க்கலாம், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், முட்டு வலிக்காரருக்கு ஆகுமா, திரும்புவதற்கு அடுத்த வண்டி எப்போது என்று பலகை வைக்கட்டும். காளிகேசம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைச் சோதனைச்சாவடிக்குப் போய்த்தான் அறிய வேண்டும் என்றில்லாமல் தடிக்காரன்கோணம் முக்கிலேயே எழுதிப் போடட்டும். பெண்கள் போகக் கழிப்பறை, தண்ணீரோடு. இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம், வீட்டுக்காரி எந்த மலைப் பயணத்திலும் பிளாஸ்கைத் திறக்க யோசிப்பது இதனால்தான். வளைவுகளில் வண்டி ஒதுங்கி நிற்க அங்கங்கே கொஞ்சம் இடம், அதுவும் மரம் வெட்டாமல் கிடைக்கிற இடத்தில். ஞாயிறு முழுக்கவும் மற்ற நாளில் பள்ளிக்கூட நேரத்திலும் டாரஸ் லாரி இந்தச் சாலைகளில் ஏறக் கூடாது. ஏறினால் பறிமுதல் என்று போட்டுவிட்டு, உண்மையாகவே நாலு வண்டியைப் பறிமுதல் செய்யட்டும்.

கடைக்காரர்கள் நினைக்கலாம், கார் குறைந்தால் வியாபாரம் போய்விடுமே என்று. தடிக்காரன்கோணம் பக்கம் ஒரு சாயாக்கடை. ஸ்டே வண்டிக் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். இப்போது அந்த அக்காவின் மகள் நடத்துகிறாள். மட்டிப்பழக் குலை தொங்கும், பதினொரு மணிக்கு மேல் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு. போன மாதம் நாங்கள் உட்கார்ந்திருக்கையில் வெளியூர் கார்கள் வரிசையாகப் போயின. ஒன்றும் நிற்கவில்லை. "இதுல எத்தனை வண்டி நம்ம கடையில நிக்கும் மோளே" என்று கேட்டேன். "காரு எங்க மாமா நிக்கி? பைக்குல வாறவன் நிப்பான், பஸ்ஸுல எறங்குகவுக நிப்பாவ" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டாள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு வாங்குகிறார்கள். மேலே சொன்னதையெல்லாம் எழுதி, கீழே அவள் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் எட்டுப் பத்துக் கடைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.